'நௌ' என்றால் 'இப்பொழுது' மட்டும்தானா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)



ஆங்கிலம் கடினம் என்று நம்மில் பலரும் சொல்கின்றோம். ஆங்கிலத்தில் எது கடினம் என்று யாரும் கேட்பதில்லை. 'தெர்மோடைனமிக்ஸ்' என்னும் சொல்லைக் கண்டு, தமிழ்வழியில் பயின்று வந்த மாணவன் முதல் வாரம் மிரள்வான். இரண்டாம் வாரம் 'வெப்ப இயக்கவியல்' என்று புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வான். மூன்றாம் வாரம் அச்சொல் அவன் சொன்னபடி கேட்கும். பெரிய சொற்கள் பார்வைக்குத்தான் பயங்கரம், பழகிவிட்டால் பரமசாது. நம்மைக் காலை வாரிவிடுபவை பொடிச் சொற்களே. அகராதியைப் புரட்ட வேண்டும் என்றுகூட நமக்குத் தோன்றாத சொற்கள் அவை. அவற்றுள் ஒன்றே ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். 'நௌ' என்பது அது. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து.

இச்சொல்லை நாம் எப்படிக் கற்றோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புக. அடைப்புக்குள் ஒரு வினைச்சொல் இருக்கும். வாக்கியத்தின் கடைசியில் 'நௌ' இருக்கும். உடனே 'ஈஸ்' போடு, வினையோடு 'இங்' சேர், ஒரு மதிப்பெண் உன்னுடையது! 'எஸ்டர்டே' வந்தால் இறந்தகாலம், 'டுமாரோ' வந்தால் எதிர்காலம், 'நௌ' வந்தால் நிகழ்காலத் தொடர்வினை. ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டிய ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆகவே அவரை நான் குறை கூறவில்லை. அந்த விதி மதிப்பெண் வாங்கித் தந்தது உண்மை. ஆனால், அது படிக்கக் கற்றுத் தரவில்லை என்பதும் உண்மையே.

ஏனென்றால், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கதையையாவது எடுத்து நான்கு பக்கம் படித்தால் விதி உடைந்துவிடுகின்றது. 'ஹி வாஸ் நௌ அன் ஓல்ட் மேன்' என்று வரும். 'வாஸ்' இறந்தகாலமாயிற்றே, அதன் பக்கத்தில் 'நௌ' எப்படி வந்து உட்கார்ந்தது? அச்சுப் பிழையோ? பிழையன்று. கதை எந்த இடத்துக்கு வந்திருக்கின்றதோ அந்த இடமே அங்கே 'நௌ'. நாம் படிக்கும் நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வியப்பு என்னவென்றால், இது நமக்குத் தெரியாததும் அன்று. "இப்போது அவன் கிழவனாகியிருந்தான்", "இப்போது மழை நின்றிருந்தது" என்று தமிழ்க் கதைகளில் எத்தனை முறை படித்திருக்கின்றோம்! அங்கெல்லாம் நாம் தடுக்கி விழவில்லை. தமிழில் இயல்பாகக் கடந்த படியையே ஆங்கிலத்தில் சுவர் என்று நம்ப வைத்துவிட்டது அந்த ஒரு மதிப்பெண் விதி.

'நௌ தட்' என்பதைப் பாருங்கள். 'நௌ தட் தி ரெயின் ஹாஸ் ஸ்டாப்ட், வீ கேன் கோ'. இதை 'இப்பொழுது அந்த மழை நின்றுவிட்டது' என்று மொழிபெயர்ப்போர் உண்டு. பொருள் அதுவன்று. "மழைதான் நின்றுவிட்டதே, போகலாம்" என்பதே. நம்முடைய 'தான்' என்பதும் கடைசி ஏகாரமும் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே 'நௌ தட்' செய்கின்றது. அதாவது, காலத்தைக் காரணமாக்கிக் காட்டுகின்றது. என் பாட்டி இவ்வேகாரத்தை நாளைக்கு நூறு முறை பயன்படுத்துவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் பாடம் இது.

இனி, நம் அறிவியல் வகுப்புக்கு வருவோம். நான் இக்கட்டுரை எழுத நேர்ந்ததே இதனால்தான்.

கணிதமோ இயற்பியலோ, ஆங்கிலப் பாடநூலில் ஒரு நிறுவலைத் திறந்தால், மூன்று வரிக்கு ஒரு தரம் 'நௌ' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். வேறோர் ஊரில் பயிலும் என் நண்பன் ஒருவன், முதலாண்டில் அவன் வகுப்பில் நடந்ததைச் சொன்னான். கரும்பலகையில் ஒரு சமன்பாடு வருவிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் புத்தகத்திலிருந்து ஒரு வரி படித்தார்: 'நௌ, ஃபோர்ஸ் ஈஸ் ஈக்வல் டு மாஸ் இன்டு ஆக்ஸிலரேஷன்'. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சார், இப்பொழுது சமம் என்றால் இதற்கு முன்னால் சமமில்லையா?" என்று கேட்டானாம். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார். அம்மாணவன் உட்கார்ந்தான். அதற்குப் பின் அவன் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று நண்பன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டதில் என்ன தவறு? 'நௌ' என்றால் இந்த நேரம் என்று அவனுக்கு ஆறு ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தார்கள். அதை அவன் நம்பினான். நியூட்டனின் இரண்டாம் விதி எந்த நேரத்துக்கும் பொருந்த வேண்டுமே என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் மோதியபோது கேள்வி பிறந்தது. அறிவியல் மாணவன் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவன் செய்தான். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விடை தெரிந்திருக்கும்?

அவ்விடத்தில் 'நௌ' காலத்தைக் குறிக்கவே இல்லை. இதுவரை சொன்னதை ஒரு பக்கம் வைத்துக்கொள், இதையும் அதனோடு சேர்த்துக்கொள் என்று வாதத்தை அடுத்த படிக்கு நகர்த்துகின்றது. மனிதர் யாவரும் இறப்பவர். 'நௌ' சாக்ரட்டீஸ் ஒரு மனிதர். ஆகவே சாக்ரட்டீஸ் இறப்பவர். அளவை நூல்களில் காணும் இந்தப் பழைய எடுத்துக்காட்டில், சாக்ரட்டீஸ் இன்று காலையில்தான் மனிதரானார் என்று யாரும் கொள்வதில்லை. இரண்டாம் கூற்றை உள்ளே அழைத்து வரும் கதவு அது.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கின்றது, அதுவும் நெடுங்காலமாக இருக்கின்றது. நம் இலக்கண, இலக்கிய உரையாசிரியர்கள் ஒரு கருத்தை முடித்து அடுத்த கருத்துக்குப் போகும்போது 'இனி' என்று தொடங்குவார்கள். பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் உரைகளைப் புரட்டியவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். அந்த 'இனி'யும் காலச்சொல்லே. ஆனால் உரையில் வரும்போது காலத்தை விட்டுவிட்டு வாதத்தின் வரிசையைக் குறிக்கின்றது. ஆங்கிலத்தின் 'நௌ' செய்வதும் அதே கூத்துத்தான். அப்படியிருக்க, தமிழ்வழிக் கணக்குப் புத்தகங்களில்கூட அந்த இடத்தில் 'இப்பொழுது' என்றே அச்சிடுகின்றார்கள். 'இனி' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இச்சொல்லின் வேர் மிகப் பழையது. வடமொழியின் 'நு', 'நூனம்', இலத்தீனின் 'நுங்க்', செருமானிய மொழியின் 'நுன்' எல்லாம் இதன் உறவினர் என்பர் மொழிநூலார். வடமொழியில் 'நூனம்' என்பதற்கு 'இப்பொழுது' என்றும் பொருள், 'நிச்சயமாக' என்றும் பொருள். செருமானியரும் தம் 'நுன்' என்பதை வைத்துக் காலமும் காட்டுவர், பேச்சையும் தொடங்குவர். ஆகவே, இப்பல்பொருள் ஆங்கிலேயர் நம்மைக் குழப்புவதற்கென்று செய்த சூழ்ச்சியன்று!

பேச்சில் இச்சொல் வேறு பல வேடங்கள் போடுகின்றது. அழும் குழந்தையிடம் 'நௌ, நௌ' என்றால் "சரி சரி, அழாதே" என்று பொருள். குரல் சற்று உயர்ந்தால் அதுவே "போதும், நிறுத்து" என்றாகும். நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் 'நௌ' என்று சொல்லிச் சற்று நிறுத்தினால், அடுத்த கேள்வி வருகின்றது, நிமிர்ந்து உட்கார் என்று பொருள். 'நௌ அண்ட் தென்' என்றால் எப்போதாவது. 'ஜஸ்ட் நௌ' என்றால் நமக்கு 'இப்பத்தான்', நடந்து முடிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலம் பேசுவோர் 'ஜஸ்ட் நௌ' என்றால் இன்னும் நடக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்று பொருளாம்! 'நௌ நௌ' என்று இரட்டித்தால்தான் சற்று நேரத்தில் நடக்குமாம். நாம் சிரிக்க வேண்டாம். தேநீர்க் கடையில் "ஒரு டீ" என்று கேட்டால், அடுப்படியை விட்டு ஓரடியும் நகராத தம்பி "இதோ வந்துட்டேன்" என்று இறந்தகாலத்தில் சொல்கின்றானே, அதற்கு எந்த இலக்கண விதி?

என் தாயார் களை எடுக்கப் போகின்றவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பெற்றோர் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு 'நௌ' என்னும் சொல்லின் இத்தனை வேடங்களும் சோற்றோடு சோறாக உள்ளே போய்விடுகின்றன. அவனுக்கு யாரும் விதி சொல்லித் தர வேண்டியதில்லை. எங்களுக்கோ, கரும்பலகையில் எழுதிப் போட்ட அந்த ஒரு வரியே கிடைத்த சொத்து. அவ்வரி குறைபட்டதாக இருந்தால், குறையை நிரப்ப வீட்டில் ஆளில்லை. இதனால்தான் சிறு சொற்களைப் பற்றி இத்தனை பெரிதாகப் பேசுகின்றேன்.

இயற்பியல் மாணவன் ஆகையால் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 'இப்பொழுது' என்னும் பொருளே அத்தனை உறுதியானதன்று. இப்பொழுது நம் மேல் படும் வெயில் கதிரவனை விட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடி ஆகிவிட்டது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் நிகழும் இரு நிகழ்ச்சிகள், அவரைக் கடந்து விரைந்து செல்லும் இன்னொருவருக்கு ஒரே நேரத்தில் நிகழ வேண்டியதில்லை என்று 1905இல் ஐன்ஸ்டீன் காட்டினார். அப்பேரறிஞரே, 'நௌ' என்பது தம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவதாகவும், மனிதனுக்கு அது தனிச் சிறப்புடையதாயினும் இயற்பியலுக்குள் அதற்கு இடமில்லை என்றும் கூறியதாக, தத்துவ அறிஞர் கார்னாப் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கின்றார். ஐன்ஸ்டீனுக்கே கவலை தந்த சொல்லை நாம் ஒரு மதிப்பெண்ணுக்கு முடித்துவிட்டோம்!

அறிவியலில் இடமில்லாத அச்சொல்லுக்கு அரசியலில் இடமுண்டு. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்கள் உரிமை கேட்டுப் போராடினர். வெள்ளைச் சமயத் தலைவர் எண்மர், இப்போராட்டம் காலத்துக்குப் பொருந்தாதது என்று அறிக்கை விட்டனர். சிறையிலிருந்த மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்கு நீண்டதொரு கடிதத்தில் விடை எழுதினார். பொறுத்திரு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவிட்டோம், அச்சொல்லுக்குப் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே பொருளாகியிருக்கின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் கூடினர். வேலை வேண்டும், வாக்குரிமை வேண்டும், சமஉரிமை வேண்டும் என்று அவர்கள் ஏந்திய அட்டைகளில் கடைசிச் சொல் 'நௌ'. அங்கே அதைத் தொடர்ந்து 'ஈஸ்' இல்லை, 'இங்' இல்லை. நடந்துகொண்டிருப்பதை அவர்கள் வருணிக்கவில்லை. நடக்காமல் இருப்பதை நடத்து என்றார்கள்.

உதவித்தொகை விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டுப் போய், "தற்போது பரிசீலனையில் உள்ளது" என்ற விடையோடு திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்தத் 'தற்போது' எத்தனை மாதம் நீளம் என்பது அனுபவித்தவர்களுக்கே வெளிச்சம்!

சரி, என்ன செய்யலாம்? பகுதி இரண்டு ஆங்கிலப் பாடத்தில் நாம் கதை படிக்கின்றோம், கவிதை படிக்கின்றோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு, முதற்பருவத்தில் நம் இயற்பியல், வேதியியல், கணிதப் பாடநூல்களிலிருந்தே சில பக்கங்களை ஆங்கிலப் பேராசிரியர்கள் வகுப்பில் படித்துக் காட்டலாம். சூத்திரங்களை விளக்குவது அவரவர் துறையின் வேலை. ஆங்கிலப் பேராசிரியர் விளக்க வேண்டியவை அவற்றை இணைக்கும் 'நௌ', 'ஹென்ஸ்', 'சின்ஸ்', 'லெட்', 'தென்' ஆகியவற்றையே. ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்வோம் என்று மாணவரையே சொல்ல வைக்க வேண்டும். மொத்தம் இருபது சொற்கள்கூடத் தேறா. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இதற்குத் தனிப் புத்தகம் வேண்டாம், தனித் தேர்வும் வேண்டாம். தேர்வு வைத்தால் அதற்கும் ஒரு விதி கண்டுபிடித்துவிடுவோம்.