தனியார் பாதுகாப்புப் பணி மேற்பார்வையாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
தனியார் பாதுகாப்புப் பணி மேற்பார்வையாளர்கள் சங்கம், சென்னை.

பெறுநர்:
1. தொழிலாளர் ஆணையர் அவர்கள், டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.
2. கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள், தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், சென்னை.

பொருள்: மேற்பார்வையாளர் எண்ணிக்கை, மிகைநேர ஊதியம், பயிற்சி, உரிமப் புதுப்பித்தல் ஆகியவற்றில் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005, மத்திய அரசின் மாதிரி விதிகள், 2020.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, ஐ.டி. வளாகம், ஜவுளிக்கடை எனப் பல இடங்களில் காவலர்களைப் பணியில் நிறுத்துவதும், இரவு ரோந்து சென்று சரிபார்ப்பதும், வருகைப் பதிவேட்டைப் பராமரிப்பதும் எங்கள் வேலை. சைட்டில் எது தவறினாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர்தான். ஆனால் ஆள் எண்ணிக்கையையோ, பணி நேரத்தையோ, சம்பளத்தையோ தீர்மானிப்பவர் அவர் அல்லர். இந்த நிலை மாறப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே போதும். எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. மேற்பார்வையாளர் எண்ணிக்கை: 15 காவலர்களுக்கு மிகாமல் ஒரு மேற்பார்வையாளர் என்றும், காவலர்கள் வெவ்வேறு இடங்களில் பணிபுரிந்து ஒருவரே கவனிக்க இயலாத நிலையில் 6 பேருக்கு ஒருவராவது வேண்டும் என்றும் மாதிரி விதிகள் கூறுகின்றன. நடைமுறையிலோ நகரின் இரு கோடிகளில் உள்ள சைட்டுகளை ஒரே இரவில் ஒருவரே இருசக்கர வாகனத்தில் சுற்றிவருகிறார். ஒவ்வொரு நிறுவனத்தின் காவலர், மேற்பார்வையாளர் பட்டியலையும் ஒப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டும்.

2. ரிலீவர்: காவலர் வராத நாளில் இரவுப் பணி முடித்தவரையே பகலிலும் நிறுத்துகிறோம், அவரும் இல்லையென்றால் நாங்களே வாசலில் நிற்கிறோம். வார விடுப்புக்கும் அவசர விடுப்புக்கும் மாற்றாட்கள் வைப்பதை, வேலை ஒப்படைக்கும் முதன்மை நிறுவனத்தின் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.

3. மிகைநேர ஊதியம்: 12 மணி நேர ஷிப்டில் 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் வழங்கப்பட வேண்டும். "நீங்கள் சூப்பர்வைசர், ஓ.டி. கிடையாது" என்று சொல்லி எங்களை விலக்குவதைத் தடுக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரைத் 'தொழிலாளர்' வரையறைக்கு வெளியே வைக்கிறது. எனவே பெயரளவில் மேற்பார்வையாளராகவும் உண்மையில் காவலராகவும் இருப்பவரை, அவர் செய்யும் வேலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

4. பயிற்சி: காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் தீயணைப்பான் இயக்கத் தெரியாதவர் கையிலும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. பயிற்சி மையங்களின் வருகைப் பதிவைத் திடீர் ஆய்வு செய்ய வேண்டும்.

5. அடிப்படை வசதி: கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க 2021இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலருக்கும் இருக்கை, குடிநீர், கழிப்பறை கிடைக்கத் தெளிவான ஆணை வேண்டும்.

6. ஊதிய மீறலும் உரிமமும்: எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுவே. 2005 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அட்டவணையில் உள்ள தொழிலாளர் சட்டங்களை மீறும் நிறுவனத்தின் உரிமத்தை ரத்து செய்யலாம். ஆனால் ஊதிய மீறலைக் கண்டறிவது தொழிலாளர் துறை. உரிமத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வேறொரு அலுவலகம். இரண்டுக்கும் இடையே தகவல் பரிமாற்றம் வேண்டும். புதுப்பிக்கும் முன் தொழிலாளர் துறையின் அறிக்கையையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய சான்றுகளையும் கட்டாயமாகக் கோர வேண்டும். அட்டவணையில் உள்ள பல சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன. இதைக் காரணம் காட்டி எவரும் தப்பாதிருக்கச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

இரு துறை அதிகாரிகள், பாதுகாப்பு நிறுவனங்கள், முதன்மை நிறுவனங்கள், எங்கள் சங்கம் ஆகியோர் பங்கேற்கும் கூட்டத்தை விரைவில் கூட்டுமாறும், இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் – செயலாளர்

நகல்: உள்துறைச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.