உறைதல் ரிப்போர்ட் தீர்ப்பு அல்ல

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் புற்றுநோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்த வீட்டில், ரத்தம் உறைய அதிக நேரம் ஆகிறது என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் போதும். "கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, ஆள் தேறமாட்டார்" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவந்து நாட்டு மருந்தில் இறங்குகிறார்கள். இது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை.

ரிப்போர்ட்டில் இருப்பது வெறும் எண். காரணம் அதில் இல்லை. இந்தச் சோதனைக்கான நீல மூடிக் குழாயில், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறி வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சிப்போய், நல்ல ரத்தமும் தாமதமாகவே உறையும். அதனால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

பித்தநாளத்தைப் புற்றுக்கட்டி அடைத்தால் காமாலை வரும், வைட்டமின் கே உடலில் சேராது, பி.டி. என்ற உறைதல் சோதனையின் நேரம் நீளும். கல்லீரல் நன்றாக இருந்தால், வைட்டமின் கே ஊசியிலேயே பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஏ.பி.டி.டி. என்ற இன்னொரு உறைதல் சோதனையின் நேரம் மட்டும் நீண்டிருந்தால், நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவருடையதைச் சரிபாதி கலந்து சோதிப்பார்கள். நேரம் சரியானால் உறைதல் காரணி ஏதோ குறைவு. சரியாகாவிட்டால் உறைதலைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அவற்றுள் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், பெயருக்கு நேர்மாறாக, ரத்தக் கட்டியையே உண்டாக்கக்கூடியது.

அமெரிக்க ரயில்வே தொழிலாளி ஜான் ஹேகமனுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய சோதனையில் ரத்தம் உறைய நெடுநேரம் ஆனது. ஆனால் அவருக்கு ரத்தக்கசிவுத் தொல்லை இருந்ததே இல்லை. காரணி 12 இல்லாததே அதற்குக் காரணம் என 1955இல் பதிவானது. 1968இல் அவர் இறந்தது ரத்தப்போக்கால் அல்ல, நுரையீரலை அடைத்த ரத்தக் கட்டியால்.

ஹீமோஃபிலியாவும் கல்லீரல் சுருக்கமும் உண்மையான ஆபத்துகள்தான். அவை உள்ளவர்களுக்கும் குறையை ஈடுசெய்து ஆபரேஷன் செய்ய வழியுண்டு. ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் கசியலாம். பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ ரத்தம் நிற்காமல் போனதா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த விவரம் பல சமயம் எண்ணைவிடப் பெரியது.

ஆபரேஷனைச் சில நாள் தள்ளிவைப்பதில் தவறில்லை, கைவிடுவதுதான் தவறு. எண் ஏன் நீண்டது, எப்படிச் சரிசெய்வது, மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஊர்ப் பேச்சை நம்பி நோயாளியை வீட்டில் படுக்கவைக்காதீர்கள்.