கவர்னர் போய் ஜனாதிபதி வந்தார்!

வெஸ்ட் இண்டீஸ் என்றதும் நமக்கெல்லாம் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். லாரா, பொல்லார்ட், சேப்பாக்கத்தில் நாம் கைதட்டிய பிராவோ, மூன்று பேருமே டிரினிடாட்காரர்கள் என்பது வரை ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது தனி நாடு, அதற்கு ஒரு ஜனாதிபதி உண்டு, அந்த நாற்காலியில் முன்பு இங்கிலாந்து ராணியின் ஆள் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால், "அதுக்கு இப்ப என்னடா?" என்கிறார்கள். சொல்கிறேன் நண்பர்களே.

டிரினிடாட் டொபாகோ 1962 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் பெற்றது. சுதந்திரம் வந்தும் நாட்டின் தலைவர் எலிசபெத் ராணிதான். அவர் சார்பில் உள்ளூரில் ஒரு கவர்னர் ஜெனரல். முதல் கவர்னர் ஜெனரல் சாலமன் ஹோச்சாய், சீன வம்சாவளிக்காரர். அடிமை நாட்டின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக இருந்தவரும் அவரேதான்! 1976 ஆகஸ்ட் 1-இல் நாடு குடியரசானது. ராணி போனார். கவர்னர் ஜெனரலாக இருந்த எல்லிஸ் கிளார்க் முதல் ஜனாதிபதியானார். பக்கத்துத் தீவான பார்படாஸ் 2021 நவம்பர் 30-இல் குடியரசானபோதும் இதே கதை. கவர்னர் ஜெனரல் சாண்ட்ரா மேசனே ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

பழைய கள், புதிய மொந்தை என்று சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்க மாட்டேன். கவர்னர் ஜெனரலை நியமித்தது ராணி, அதுவும் பிரதமர் சொல்கிற ஆளை. ஜனாதிபதியையோ பார்லிமெண்டின் இரண்டு சபைகளும் சேர்ந்து ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கின்றன, ஐந்து வருஷத்துக்கு. அவரை நீக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், நீதிபதிகளின் விசாரணையும் வேண்டும். செனட்டின் 31 பேரில் 9 பேரை யாரையும் கேட்காமல் அவரே நியமிக்கலாம். ஆக, நாற்காலிக்குக் கால் முளைத்துவிட்டது. (கடைசி அப்பீல் மட்டும் இன்னும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. கரீபியன் நாடுகளுக்கென்றே 2005-இல் தொடங்கிய கோர்ட்டின் தலைமையிடம் இவர்களுடைய தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே இருக்கிறது! இதை என்னவென்று சொல்வது?)

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாட் கவர்னர், போர்ட்டர் கவர்னர் என்று வரைந்து தள்ளுகிறோமே, இன்ஜினில் லோடு மாறாத வரைக்கும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். லோடு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோதான் அதன் வேலை தெரியும். நாட்டின் தலைவரும் அப்படித்தான். ரிப்பன் வெட்டுவார், விருது கொடுப்பார், உரை வாசிப்பார். சும்மா இருக்கிறார் என்றுதான் நினைப்போம்.

டிரினிடாட்டில் லோடு மாறியது 2001 டிசம்பர் 10-இல். பொதுத்தேர்தல். மொத்தம் 36 இடம். பிரதமர் பாஸ்தியோ பாண்டேயின் கட்சிக்கு 18, பேட்ரிக் மேனிங்கின் கட்சிக்கு 18!

பாண்டே கரும்புத் தொழிலாளர் சங்கத்தை நடத்தி வளர்ந்தவர். 1995-இல் பிரதமரானார், இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள். 1845-லிருந்து 1917 வரை கல்கத்தாவிலிருந்தும், ஓரளவு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏற்றப்பட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர் கட்சியின் பலம். மேனிங் கட்சியின் பலம் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஆகவே இந்த 18-18 வெறும் கணக்கு மட்டுமில்லை, இரண்டு ஜனங்களின் மானப்பிரச்சினை. முடிவு செய்ய வேண்டியவர் ஒரே மனிதர், ஜனாதிபதி ஏ.என்.ஆர். ராபின்சன்.

ராபின்சன் லேசுப்பட்டவர் இல்லை. 1990-இல் அவர் பிரதமராக இருந்தபோது ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் பார்லிமெண்டைப் பிடித்து, அவரைக் காலில் சுட்டது. அப்போதும் பணியாதவர். 1995-இல் அவர் கட்சியின் இரண்டு இடங்கள்தான் பாண்டேயைப் பிரதமராக்கின. 1997-இல் பாண்டே தரப்புதான் அவரை ஜனாதிபதியாக்கியது. எனவே ஆளுங்கட்சி தேர்ந்தெடுத்தால் தலையாட்டிதான் வருவார் என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் 2001 டிசம்பர் 24 அன்று ராபின்சன் கூப்பிட்டது மேனிங்கைத்தான்! ஒழுக்க விழுமியம், ஆன்மிக விழுமியம் என்று காரணம் சொன்னார்.

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பாண்டே அரசின் மேல் ஊழல் புகார் இருந்தது உண்மை. யாரை நியமித்தாலும் ஏற்பதாகத் தலைவர்கள் இருவரும் முன்பே ஒத்துக்கொண்டதும் உண்மைதான். ஆனாலும் பதவியில் இருக்கும் பிரதமர், மொத்த ஓட்டிலும் கொஞ்சம் கூடுதல் வாங்கியவர். அவரை விலக்க ஒருவருடைய மனசாட்சி போதுமா? பெரும்பான்மை ஆதரவு யாருக்குக் கிடைக்கும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அவரை நியமிக்கலாம் என்கிறது அரசியல் சட்டம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் என்ன செய்வது? ஒரு வரி இல்லை! ராணியின் நாற்காலியை எடுத்துப் போட்டவர்கள், அதில் உட்காருகிறவர் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். 2002-இல் சபை கூடியபோது சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சபையே நடக்காமல் ஓர் அரசாங்கம் ஓடியது. அக்டோபரில் மறுதேர்தல் வைத்து, மேனிங் 20-16 என்று ஜெயித்த பிறகுதான் மூச்சு வந்தது. அதைத்தானே முதலிலேயே செய்திருக்க வேண்டும்? சமம் வந்தால் பழைய பிரதமர் காபந்தாக இருக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் சபை கூட வேண்டும், முடியாவிட்டால் மறுதேர்தல். நாலு வரியில் எழுதிவிடலாம்.

அவர்கள் செய்தது வேறு. 2007 தேர்தலுக்கு இடங்களை 36-லிருந்து 41 ஆக்கினார்கள். ஒற்றைப்படை எண், இனி சமம் வராதாம்! இரண்டே கட்சி என்றால் சரி. 2025 ஏப்ரல் தேர்தலில் மூன்றாவதாக ஒரு கட்சி இரண்டு இடம் பிடித்திருக்கிறது. நல்லவேளை, கம்லா பிரசாத் பிசேசரின் கட்சிக்கு 26 கிடைத்தது. 2023-இல் அவர் கட்சி எதிர்த்தும் ஜனாதிபதியான கிறிஸ்டின் கங்காலூதான் மே 1 அன்று அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஒரு சிக்கலும் இல்லை. 26-க்குப் பதில் 20 வந்திருந்தால் கங்காலூ எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்?