கடைசி இடத்துக்கு மாடி, முதல் இடத்துக்குத் திண்ணை



"தமிழ்நாட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று என் போன பதிவின் கீழே ஒருவன் கேட்டிருந்தான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். சம்பந்தம் இருந்தது தம்பி, அறுத்துவிட்டார்கள்.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி ஆட்டத்தில் மினெர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கிய சென்னை சிட்டி, பிறகு 3-1 என ஜெயித்தது. பெட்ரோ மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா இரண்டு கோல். மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கல்கத்தாவை முந்தி நாம் சாம்பியன்! கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பையன்களும் அந்த அணியில் ஆடினார்கள். நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததா? தோனி சிக்ஸர் அடித்தால் நாற்பது ஃபார்வேர்டு வருகிறது.

அதே சீசனில் ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துப் பத்தாவது இடம், அதாவது கடைசி. அடுத்து நடந்தது என்ன? ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று சம்மேளனம் முடிவெடுத்தது. கடைசியில் வந்தவர்கள் மேலே, முதலில் வந்தவர்கள் கீழே. பரீட்சையில் இப்படி மார்க் போட்டிருந்தால் உங்கள் அப்பாமார் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

"ஐ.எஸ்.எல். தரம் வேற சார்" என்பீர்கள். அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவை, அடுத்த மாதமே புவனேஸ்வரில் சூப்பர் கப்பில் 2-1 என்று வீழ்த்தியது இதே சென்னை சிட்டிதான். பணம் போடுகிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அதற்காகத் தோற்றாலும் இறங்க வேண்டாம் என்றால் அது போட்டியா, குத்தகையா?

ஐஸ்லாந்தைப் பாருங்கள். மொத்த நாட்டுக்கும் நாலு லட்சம் பேர்கூட இல்லை. நம் தென்காசி மாவட்டத்தில் மட்டும் 14 லட்சம். அங்கே முதல் நிலையில் 12 அணி, கடைசி இரண்டும் இறங்கியே ஆக வேண்டும். அக்ரானெஸ் என்று நம் வாசுதேவநல்லூரைவிடச் சின்ன ஊர். அந்த ஊர் அணி 18 முறை சாம்பியன். 2017-ல் கடைசியில் வந்தது, இறக்கிவிட்டார்கள். மறுவருஷமே கீழ் லீக்கை ஜெயித்து ஏறி வந்தது. பழம்பெருமையைச் சொல்லி யாரும் சலுகை கேட்கவில்லை. அந்த நாடுதான் 2016-ல் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியது.

சென்னை சிட்டியும் 2017-ல் நேரடி அனுமதியில் வந்த அணிதான், மறைக்கவில்லை. ஆனால் வந்த பிறகு ஆடி ஜெயித்தது. ஜெயித்தும் ஏற ஏணி இல்லை என்றால் எந்த முதலாளி பணம் போடுவான், எந்த அப்பா பையனை மைதானத்துக்கு அனுப்புவான்? 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற கதவு 2023-ல் திறந்தது. பஞ்சாப் அணி ஏறிப் போனது. நம்ம அணி ஜெயித்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.