“அம்பது ரூபாதானே, குடுத்துட்டுப் போங்க சார்!”

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் படியுங்கள்.

ஜவ்வாது மலைக்கு வந்து போகிற சமவெளி நண்பர்கள் பலர் எனக்கு ஓர் அறிவுரை சொல்வதுண்டு. “செக்போஸ்ட்ல நிறுத்தினா வாக்குவாதம் பண்ணாதீங்க சார். பத்து, இருபது, அம்பதுன்னு சில்லறை நோட்டா தனியா வெச்சுக்குங்க. அம்பது ரூபாதானே, குடுத்துட்டுப் போயிட்டே இருங்க.” வெளிநாடு சுற்றி வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். “ஆப்பிரிக்கால ஒவ்வொரு எல்லையிலும் இதான் சார் நடக்குது. சிரிச்சிக்கிட்டே கையில வெச்சா பாஸ்போர்ட் தானா திரும்பி வரும்.”

இந்த அறிவுரையை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். எந்தத் துறை, எந்தச் சாவடி, எந்த ஆள் என்று எழுதப் போவதில்லை. ஒருவரை மாற்றிவிட்டு இன்னொருவரை உட்கார வைத்தால் தீர்ந்துவிடும் சங்கதி இல்லை இது. அந்த நாற்காலிக்குத் தினமும் தீனி போடுவது நம்முடைய இந்த “அம்பது ரூபாதானே” என்கிற பேச்சு. என் சண்டை முதலில் அதோடுதான்.

பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கவும், கோமுட்டேரியில் படகு விடவும், காவலூர் தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் காரில் வருகிறவர் கொடுக்கும் ஐம்பது ரூபாய் அவருக்கு ஒரு டீச்செலவு. கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். ஆனால் அவர் கொடுத்தது அங்கே ஒரு ரேட் ஆகிவிடுகிறது. நாளைக் காலை அதே கட்டைக்கு முன்னால் இரண்டு மூட்டை புளியோடு நிற்கப் போகிறவன் மலைக்காரன். அவனிடமும் அதே ரேட்தான் கேட்பார்கள். அவனுக்கு அது டீச்செலவு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாத்தியார் புத்தி, கணக்கில்லாமல் பேச வராது. மூட்டைக்கு 50 ரூபாய் என்றால் இரண்டு மூட்டைக்கு 100. வாரம் ஒரு சந்தை. வருஷத்துக்கு 52 வாரம், 5,200 ரூபாய். ஒரு பிள்ளையைக் கீழே விடுதியில் சேர்க்கும்போது வாங்கும் பெட்டி, துணிமணி, செருப்பு, பஸ் செலவு எல்லாம் இந்தப் பணத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு நாள் நான் கண்ணால் பார்த்தது. நான் ஒரு வண்டியில் போகிறேன், எனக்குப் பின்னால் என்னிடம் படித்த பையன் அவன் வண்டியில் ஒரு மூட்டை கடுக்காயோடு வருகிறான். என்னைப் பார்த்ததும் “போங்க சார்” என்று கட்டையைத் தூக்கினார்கள். அவனைப் பார்த்ததும் “டேய், ஓரமா நிறுத்துடா. எறங்கு” என்றார்கள். இரண்டு பேரும் வந்தது ஒரே ரோடு, ஒரே நேரம். என் வண்டிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவன் மூட்டையை மட்டும் அவிழ்த்தார்கள். “பர்மிட் எங்கே?” என்றார்கள். நான் திரும்பி வந்து, “எந்தச் சட்டத்தில் பர்மிட் கேட்கிறீர்கள்?” என்று கேட்டேன். பதில் இல்லை. “சாரோட ஆளா? சரி போ” என்று விட்டுவிட்டார்கள். அவன் விடுபட்டதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் உரிமையோடு போகவில்லை, என் தயவில் போனான். நான் பக்கத்தில் இல்லாத நாளில் என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, கிழங்கு போன்ற சிறு வன விளைபொருள்களைக் காலங்காலமாகச் சேகரித்து வரும் வனவாசிகளுக்கே அவற்றின் மேல் உடைமை உரிமை உண்டு என்று அது சொல்கிறது. சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. 2012ல் விதிகளைத் திருத்தி இன்னும் தெளிவாக்கினார்கள். இந்தப் பொருள்களை எடுத்துப் போக அனுமதிச் சீட்டு என்று ஒன்று தேவைப்பட்டால், அதைக் கொடுக்க வேண்டியது கிராம சபை அமைத்த குழு, அல்லது கிராம சபை அதிகாரம் கொடுத்த ஆள். அந்தச் சீட்டைக் காரணம் காட்டி விற்கும் உரிமையைக் குறுக்கக் கூடாது. சேகரிப்புக்கு ராயல்டி, கட்டணம் எதுவும் கிடையாது. கவனியுங்கள், கட்டணமே கிடையாது! கட்டணமே இல்லாத இடத்தில் “அம்பது ரூபாதானே” எங்கிருந்து வந்தது?

சாமையும், சொந்தப் பட்டாவில் காய்த்த பலாவும் காட்டிலிருந்து வந்த பொருளே அல்ல. அதற்கும் மூட்டையை அவிழ்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

“சட்டம் இருக்கட்டும், மலையில் யாருக்கு அது தெரியும்?” என்பீர்கள். தெரியாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. 2016ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த சட்டம் நம் மலைக்கு அத்தனை தாமதமாக ஏறி வந்தது. ஆனால் சட்டம் ஏறி வராத அத்தனை வருஷமும் கட்டை மட்டும் ஒழுங்காக இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பணம் மட்டும் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்பான் மலைக்காரன். அதைவிட அவனைக் கொல்வது கேள்விகள். எந்த ஊரு, எங்கே போறே, எதுக்குப் போறே, யாரு கூட்டிட்டுப் போறா, ஆதாரை எடு, போனைத் திற, கடைசியா யாருக்குப் பேசினே. வெளியூரிலிருந்து வந்த எனக்கு இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விகள் வந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்தவனுக்கு வருகிறது. மலையாளி என்பது இவர்கள் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆண்டவர்கள் என்று இவர்களே பெருமையாகப் பொருள் சொல்வார்கள். மலையை ஆண்டவன் மலைப் பாதையிலேயே கைகட்டிப் பதில் சொல்கிறான்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2015 ஏப்ரல் 7ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்து எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ். உயிர் தப்பி வந்த ஒருவர் வேறு கதை சொன்னார். கூட வந்தவர்களை எல்லைப் பக்கம் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள், ஒரு பெண் பயணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் மட்டும் தப்பினேன் என்றார். தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அதன் பிறகு என்ன ஆயிற்று? ஆதாரில் ஜமுனாமரத்தூர் என்று இருந்தாலே ஆந்திரா பஸ்ஸில் ஏறப் பயப்படுகிற ஒரு தலைமுறை உருவாயிற்று. முகத்தையும் முகவரியையும் வைத்து ஆளை இறக்குகிற பழக்கம் ஒரு நாளில் துப்பாக்கியோடு தொடங்குவதில்லை. “டேய், எறங்கு” என்பதில் தொடங்குகிறது.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். “அப்போ கடத்தலைத் தடுக்க வேண்டாமா சார்? சோதனையே கூடாதா?” நியாயமான கேள்வி. சோதனை வேண்டும். மரம் ஏற்றிய லாரியை நிறுத்துங்கள், தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள், வழக்குப் போடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? இது சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. இன்று ஒரு நல்ல சந்தன மரத்தைக் காட்டுங்கள் என்றால் நாள் முழுக்கத் தேட வேண்டும். அந்த மரமெல்லாம் எந்த வழியாகப் போயிற்று? பறந்தா போயிற்று? கிழவியின் தேன் பாட்டிலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு லாரி ஏன் தெரியாமல் போயிற்று? காசு வாங்கும் சோதனை கடத்தலைத் தடுக்காது. அது கடத்தல்காரனுக்கு ஒரு சுங்கம், ஏழைக்கு ஒரு தண்டம்.

“கடத்தல்” என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதுவரைக்கும் போக முடியும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. சித்தேரி மலையடிவாரம், 1992 ஜூன் 20. சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோக, மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்த ஊர் மக்களிடம் எத்தனை பேர் “விட்டுடுங்க, எதுக்கு வம்பு” என்று சொல்லியிருப்பார்கள்? அவர்கள் விடவில்லை.

ஆப்பிரிக்காவைக் காட்டி அறிவுரை சொன்ன நண்பர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே பதில் தருகிறேன். நூறு வருஷத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள், பெரும்பாலும் நம் தமிழர்கள், ஆளுக்கு வருஷம் மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். பக்கத்து டிரான்ஸ்வாலுக்குள் போகப் பர்மிட் வேண்டும். “மூணு பவுண்டுதானே, கட்டிட்டுப் போங்க” என்று சொல்லவும் அன்றைக்கு ஆள் இருந்திருக்கும். 1913 நவம்பர் 6ல் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு எல்லையைக் கால்நடையாகக் கடந்தார்கள். பர்மிட் இல்லை, கையில் சில்லறை நோட்டும் இல்லை. அதே போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ல் கண்ணை மூடினார். பதினாறு வயது. அந்த வருஷமே மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. வள்ளியம்மையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் செக்போஸ்ட்டில் ஐம்பது ரூபாய் நீட்டுகிறவர் என்ன வாத்தியார்?

“பேசறது சுலபம், கட்டையை எடுத்துட்டா குடி முழுகிடும்” என்பவர்களுக்கு இன்னொன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். லாரிகள் வரிசை கட்டி நின்ற இடங்கள் அவை. எடுத்த பிறகு வானம் இடிந்து விழவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

காரில் வருகிறவர்களுக்கு: கொடுக்காதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். உண்மையான நுழைவுக் கட்டணம் என்றால் ரசீது வரும், தாராளமாகக் கட்டுங்கள். ரசீது இல்லாவிட்டால் அது லஞ்சம். 2018ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டுமே விலக்கு. அரை மணி நேரம் தாமதமானால் ஆகட்டும். உங்களுக்கு அரை மணி நேரம் போனால் நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிவிடாது.

மலைப் பிள்ளைகளுக்கு: வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒன்று, சிறு வன விளைபொருளுக்குச் சீட்டுக் கொடுக்கும் குழுவை ஊரே அமைப்பது. இரண்டு, எதற்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொரு சாவடியிலும் தமிழில் பெரிய பலகை வைக்கக் கோருவது. மூன்று, நிறுத்திய ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், காரணம், நிறுத்தியவர் பெயர் எழுதிய பதிவேடு கேட்பது. தீர்மான நகலை மறக்காமல் கையில் வாங்குங்கள். வன உரிமையை அனுபவிக்க விடாமல் குறுக்கே நிற்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைக்குரிய குற்றம். கட்டைக்கு முன்னால் நிற்கும்போது இது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

என்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு: நமக்கு ஓய்வூதியம் வருகிறது, நேரம் இருக்கிறது, “சார்” என்ற மரியாதையும் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுக்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி அனுப்பலாம், சந்தை நாளில் ஒரு மணி நேரம் கட்டைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கலாம். வெறுமனே நின்றாலே பாதி வேலை நடக்கும்.

மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். காகிதமும் பேனாவும் என்னுடையது. அடுத்த கிராம சபைக்கு முன்னால் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.