எம்.பி.பி.எஸ்-ஆ, பி.டி.எஸ்-ஆ, 'ரெண்டு டிகிரி' படிப்பா? மருத்துவக் கலந்தாய்வில் எதை முதலில் போடுவது?

நீட் ரிசல்ட் வந்தாச்சு. ரேங்க் பட்டியலும் வந்தாச்சு. ஆனா பல வீடுகளில் உண்மையான குழப்பம் அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்குது. எந்தக் காலேஜை முதலில் போடுவது? தனியார் கல்லூரி வந்தா பணத்துக்கு எங்கே போவது? ஏஜென்ட் சொல்ற 'ரெண்டு டிகிரி' படிப்பை நம்பலாமா?

ஒட்டன்சத்திரம் மாதிரி ஊரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வீட்டில் பெரும்பாலும் ஆள் இருக்காது. காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே வேலைக்கு நிற்கும் அப்பாவுக்குக் கலந்தாய்வு இணையதளம் புதுசு. பிள்ளைதான் முடிவெடுக்கணும், அதுவும் சில நாட்களுக்குள். அதனால் முக்கியமான விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*சீட் எத்தனை வழியில் கிடைக்கும்?*

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். இதற்கான கலந்தாய்வை எம்.சி.சி. நடத்துகிறது. மீதி 85 சதவீத இடங்களையும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீடு மற்றும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.சி.சி. வழியாக மட்டுமே போக முடியும்.

கட்டண வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 20 லட்சத்தைத் தாண்டும்.

*7.5 சதவீதத்தில் பலர் செய்யும் தவறு*

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்வில் என்ன நடந்தது தெரியுமா? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்துக்குப் பயந்து சில மாணவர்கள் சீட்டே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அதன் பிறகுதான், இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. சில நாள் வித்தியாசத்தில் வாய்ப்பு கைநழுவிப் போனது.

அந்தப் பயம் இப்போது தேவையில்லை. 7.5 சதவீதத்தில் வருபவர்கள் தனியார் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடத்தைப் பட்டியலில் போடாமல் விட வேண்டியதில்லை. ஆனா ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களும் இந்த ஒதுக்கீட்டில் வரமாட்டார்கள்.

*திண்டுக்கல்லா, மதுரையா?*

2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. இங்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள் உள்ளன. ஒட்டன்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கம். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. பல மாவட்ட நோயாளிகள் வரும் ராஜாஜி மருத்துவமனை அதனுடன் இருக்கிறது.

இரண்டிலும் பட்டம் தருவது ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். பட்டத்தில் வித்தியாசம் இல்லை. பழைய கல்லூரியில் பார்க்கக் கிடைக்கும் நோய்களும், முதுநிலைத் துறைகளும் அதிகம். அதனால் ரேங்க் இடம் கொடுத்தால் பழைய கல்லூரியை மேலே போடுவது நல்லது. வீட்டுச் சூழ்நிலையால் பக்கத்தில் இருந்தே ஆகணும் என்றால் திண்டுக்கல்லை முதலில் போடுவதிலும் தப்பில்லை.

பட்டியல் போடும்போது விதி ஒன்றுதான்: கிடைக்கும்னு தோன்றும் வரிசையில் போடாதீங்க, வேணும்னு நினைக்கிற வரிசையில் போடுங்க. உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலே இருப்பதில் எது காலியாக இருக்கிறதோ அதுதான் ஒதுக்கப்படும். பெரிய கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனா கீழே போட்ட நல்ல கல்லூரிக்குக் கணினி போகவே போகாது.

*'ரெண்டு டிகிரி' படிப்பு நிஜமா?*

2025 மே மாதம், புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.பி.எஸ்., பி.ஏ.எம்.எஸ். இரண்டையும் சேர்த்த படிப்பு வரப்போவதாக மத்திய ஆயுஷ் அமைச்சர் பிரதாப்ராவ் ஜாதவ் கூறினார். இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அறிவிப்பு வேறு, சீட் வேறு. முறையான அனுமதியும் சேர்க்கை அறிவிக்கையும் வெளியாகாத படிப்பை நம்பி, கையில் இருக்கும் இடத்தை விடக் கூடாது.

இன்னொன்று, ஏஜென்ட்டுகள் விற்ற பிலிப்பைன்ஸ் 'பி.எஸ்.-எம்.டி.' படிப்பு. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பணிபுரியும் தகுதியும் வேண்டும். அந்த நான்கு வருட எம்.டி. 48 மாதம்தான். முன்னால் படிக்கும் பி.எஸ். மருத்துவப் படிப்பாகக் கணக்கில் சேராது. பணம் கட்டிய குடும்பங்கள் தவித்துப் போயின. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்விலும், சமீப வருடங்களில் பல முறை மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை.

*ஒரே ஒரு கேள்வி*

எந்தப் படிப்பைச் சொன்னாலும், "இதை முடிச்சா எந்தக் கவுன்சிலில் பதிவு செய்வாங்க?" என்று கேளுங்க. எம்.பி.பி.எஸ். என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். பி.டி.எஸ். என்றால் பல் மருத்துவக் கவுன்சில். சித்தாவுக்குச் சித்த மருத்துவக் கவுன்சில். இதற்கு நேரான பதில் வராவிட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்க.

சித்தா, ஹோமியோபதிக்கு நீட் தகுதி வேணும், ஆனா விண்ணப்பம் தனி. கால்நடை மருத்துவத்தில் தமிழக இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் 2 மதிப்பெண்தான். பக்கத்து ஊரான உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். ரிசல்ட் பார்த்துட்டு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

கடைசியாக ஒன்று. பட்டியலை 'லாக்' செய்யும் முன், அதைப் பேப்பரில் எழுதி வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துப் பாருங்க. ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வராதீங்க. ரேங்க் உங்களுடையது. பட்டியலும் உங்கள் கையாலேயே போகட்டும்.