நாட்டின் வினாக்கள் யாருடையவை?



ஒரு நாட்டின் ஆராய்ச்சிக்கூடங்களில் எதை ஆராய வேண்டுமென்று முடிவு செய்பவர் யார்? விஞ்ஞானிகளே என்று எளிதாக விடை கூறிவிடுவோம். ஆயினும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குச் செலவாகும் பொருள் பெரும்பாலும் மக்கள் செலுத்தும் வரிப்பணம். அதன் பயனோ பல வேளைகளில் நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் கிட்டுகிறது. அவ்வாறாயின், பொருள் கொடுப்போருக்கும் அம்முடிவில் பங்கு இருத்தல் வேண்டுமன்றோ? நெதர்லாந்து நாடு 2015-ஆம் ஆண்டில் இவ்வினாவுக்குச் செயலால் விடையளிக்க முயன்றது.

அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. கரை உடைந்தால் செல்வன் வயலும் ஏழையின் வயலும் ஒன்றாகவே மூழ்கும். எனவே கரைகளைக் கூடிக் காக்கும் பொருட்டு 13-ஆம் நூற்றாண்டு முதலே அங்கு நீர் வாரியங்கள் அமைந்தன. 1953-இல் கடல் பொங்கி அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் வகுக்கப்பட்ட பெருந்திட்டத்தின் இறுதிப் பெருந்தடுப்பு ராட்டர்டாம் அருகே 1997-இல்தான் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்த தலைமுறை முடித்தது. கூடித் திட்டமிடுதலும் நெடுங்காலம் பொறுத்திருத்தலும் அம்மக்களுக்குப் புதியவை அல்ல.

2014-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் தன் விஞ்ஞானக் கொள்கையை வெளியிட்டபோது, தேசிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை வகுக்குமாறு வேண்டியது. பல்கலைக்கழகங்கள், தொழிற்கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விஞ்ஞானப் பேரவை, தொழிலதிபர் சங்கங்கள் ஆகியவை ஒன்றுகூடின. கணித அறிஞர் அலெக்சாண்டர் ரின்னோய் கான், வரலாற்றுப் பேராசிரியை பியட்ரிஸ் டி கிராஃப் ஆகிய இருவரும் பணிக்குத் தலைமை தாங்கினர். 2015 ஏப்ரலில் மக்கள் அனைவருக்கும் ஓர் அழைப்பு விடப்பட்டது: “விஞ்ஞானம் எந்த வினாவுக்கு விடை காண வேண்டும் என விரும்புகிறீர்கள்? எழுதி அனுப்புங்கள்.” ஏறத்தாழ 11,700 வினாக்கள் வந்து குவிந்தன!

அறிஞர்களைக் கொண்ட ஐந்து நடுவர் குழுக்கள் அவற்றை ஆராய்ந்தன. ஒத்த வினாக்கள் ஒன்று சேர்க்கப்பட்டன. பின்னர் மூன்று மாநாடுகள் கூட்டப்பட்டன. ஒன்று அறிவின் வளர்ச்சியையும், ஒன்று சமுதாயத்தின் தேவையையும், ஒன்று தொழில் வளத்தையும் முன்வைத்தது. அவ்வாண்டு நவம்பரில் 140 பெருவினாக்கள் அரசாங்கத்திடம் அளிக்கப்பட்டன. பிற்பாடு அவை 25 ஆராய்ச்சிப் பாதைகளாக வகுக்கப்பட்டன. தண்ணீர், நல்லுணவு, உயிரின் தோற்றம், கலை என விரியும் அவற்றுள், இளையோரின் வளர்ப்பும் கல்வியும் ஒரு பாதையாக இடம்பெற்றது. குழந்தை வளர்ப்பு, அணுக்களின் ஆராய்ச்சியோடு சரியாசனத்தில் அமர்ந்தது எனலாம்.

இதில் குறை இல்லையா? உண்டு. 11,700 வினாக்கள் 140 ஆகச் சுருங்கும்போது, தனி மனிதன் ஒருவனின் கூர்மையான வினா பொதுச் சொற்களுக்குள் கரைந்துவிடக்கூடும். பெருவினா மிக அகன்றதாயின், ஒவ்வொருவரும் தாம் முன்பு செய்த வேலையையே புதுப் பெயரில் தொடரலாம். எழுத்தறிவும் ஓய்வும் உடையோர் விரைந்து எழுதுவர். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் எழுதுவதில்லை. கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. வாராதவரைத் தேடிச் செல்லவும் வேண்டும்.

எனினும் அம்முயற்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2017-இல் ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. 2018 முதல் அந்நாட்டின் ஆராய்ச்சி நிதிக் கழகம் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பல துறை அறிஞர்கள் சேர்ந்து, சமுதாய அமைப்புகளையும் தொடக்கம் முதலே உடன் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கும் முறை வகுக்கப்பட்டது. வினாக் கேட்பவரும் விடை தேடுபவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே அதன் பொருள்.

அன்பர்களே, விடை கூறும் ஆற்றல் கற்றவரிடம் இருக்கலாம். ஆனால் எது துன்பம், எது தேவை என்று அறிந்திருப்பவர் அதனை அனுபவிப்பவரே. நோயாளியின் வினாவை மருத்துவர் ஊகிக்கலாம். உழவரின் வினாவை நிபுணர் ஊகிக்கலாம். கேட்டறிதல் ஊகித்தலினும் மேலானது. மக்களை வினவாமல் வகுக்கப்படும் திட்டம் எத்துணைச் சிறப்புடையதாயினும், அது பிறர்க்காகச் செய்யப்பட்டதேயன்றிப் பிறரோடு செய்யப்பட்டது ஆகாது.

நம் இல்லங்களிலும் இதனை எண்ணிப் பார்ப்போம். பிள்ளை வினாக் கேட்கும்போது, “பேசாமல் சாப்பிடு” என்று வாயடைக்கிறோமா? அல்லது, “நல்ல வினா, எனக்கும் தெரியவில்லை, யாரிடம் கேட்கலாம்?” என்கிறோமா? நாளைய நாடு தன் மக்களை நோக்கி, “உங்கள் வினா யாது?” என்று கேட்கும் நாள் வரலாம். அந்நாளில் எழுந்து நின்று கேட்கும் துணிவை, இன்று நம் இல்லத்து உணவுப் பந்தியிலேயே அவர்கள் பெற்றிருத்தல் வேண்டும்.